நீல டிக் விழுந்தால் அம்மா நலமா?

தந்திமேடை (காலை 6.12)

நம் இணையக் களத்தின் "முதியோரும் கைபேசியும்" திரியில் நேற்று மாடித்தோட்டம் என்பவர் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. அங்கே பதில் போட்டால் மூட்டுவலித் தைலங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும் என்பதால் தனித்திரி திறக்கிறேன். அவர் எழுதியது இது:

"கம்பம் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் அனுப்புவேன். நீல டிக் விழுந்தால் அம்மா நலம். தினமும் போன் போட்டு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நச்சரிக்கத் தேவையில்லை. சமூக ஊடகம் உறவைக் கெடுக்கிறது என்பவர்கள் பழைய பஞ்சாங்கங்கள்."

பழைய பஞ்சாங்கம் நான்தான், சரி. தந்தி இலாகாவில் 36 வருடம் குப்பை கொட்டியவன். 2013 ஜூலையில் தந்திக்கே மூடுவிழா நடத்திய வருடம்தான் எனக்கும் வழியனுப்பு விழா. ஒரு செய்தி போய்ச் சேர்வது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

லால்குடியில் என் அக்கா, வயது 78. நானும் காலையில் ரங்கநாதர் படம் அனுப்புகிறவன்தான், மறைக்கவில்லை. போன மே மாதம் நாலு நாள் தொடர்ந்து நீல டிக் விழுந்தது. ஐந்தாம் நாள் எதிர்வீட்டுக்காரர் போன் செய்து, "உங்க அக்கா நாலு நாளாக ஜுரத்தில் படுக்கையில் கிடக்கிறார், தெரியாதா?" என்கிறார். அப்படியானால் நீலம் ஆக்கியது யார்? பேரன்! ஒன்பது வயதுப் பையன், லீவுக்கு வந்தவன், கேம் ஆடுவதற்குப் போனை எடுத்தவன், வருகிற படத்தையெல்லாம் திறந்து திறந்து தள்ளியிருக்கிறான்.

நீல டிக் விழுந்தால் போன் நலம். அவ்வளவுதான். அம்மா நலம் என்று எந்த மடையன் சொன்னது?

மாடித்தோட்டம் (காலை 7.40)

வணக்கம் ஐயா. என் பெயரில் ஒரு திரியே திறந்து கௌரவித்ததற்கு நன்றி. "மடையன்" என்பதை மட்டும் "மடைச்சி" என்று மாற்றிக்கொள்ளுங்கள், நான் பெண்.

என் அம்மா வீட்டில் பேரன் இல்லை. அம்மா, ஒரு பசுமாடு, பக்கத்து வீட்டு நாய். இந்த மூன்று பேரில் யார் படத்தைத் திறந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

காலையில் ஏழரைக்குள் நீலம் விழாவிட்டால் நான் போன் செய்வேன். விழுந்துவிட்டால் நிம்மதியாக வேலைக்குப் போவேன். நீங்கள் எடுத்துப் போட்டதில் அந்த வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. தந்தியில் சொல்லுக்குக் காசு என்பதால் பழக்கதோஷத்தில் சுருக்கிவிட்டீர்களோ?

ஓஎம்ஆர்_ஓரம் (காலை 8.05)

ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம். சாம்பல் நிறத்தில் ஒரு டிக் என்றால் உங்கள் போனை விட்டுப் போய்விட்டது. ரெண்டு டிக் என்றால் அவர் போனுக்குப் போய்விட்டது. ரெண்டும் நீலமானால் அந்த உரையாடலைத் திறந்துவிட்டார்கள். படித்தார்களா என்பது அந்தக் கடவுளுக்கே தெரியாது. மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பிலேயே முழுசாகப் படித்துவிட்டுத் திறக்காமல் விட்டால் நீலமே விழாது. என் ஆபீஸில் பாதிப் பேர் அப்படித்தான். 2014 நவம்பரில் இந்த நீலம் வந்தபோதே ஜனங்கள் கத்தித் தீர்த்து, அதை அணைக்கிற வசதியைக் கொண்டுவர வைத்தார்கள். ஆனால் குழுக்களில் மட்டும் அணைக்க முடியாது.

ஆக நீலம் விழாததால் ஆள் நலமில்லை என்றும் சொல்ல முடியாது, விழுந்ததால் நலம் என்றும் சொல்ல முடியாது.

தந்திமேடை (காலை 8.11)

பார்த்தீர்களா! கம்ப்யூட்டர் படித்த தம்பியே சொல்லிவிட்டார். "விழுந்ததால் நலம் என்று சொல்ல முடியாது." நன்றி தம்பி. மாடித்தோட்டம் அவர்கள் இதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஓஎம்ஆர்_ஓரம் (காலை 8.14)

சார், அதற்கு முந்தைய பாதியையும் சொன்னேன்.

தந்திமேடை (காலை 8.16)

முந்தைய பாதி எனக்கு வேண்டியதில்லை.

வாய்தா (காலை 9.30)

கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன். தந்திமேடை சாரின் அக்கா வீட்டில் ஒன்பது வயதுப் பேரன் இருந்தான் என்றால் அவன் அப்பா அம்மா எங்கே? ஒன்பது வயதுப் பையன் தானாக லால்குடிக்கு பஸ் ஏறி வந்தானா? நாலு நாள் ஜுரத்தில் கிடந்தவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது யார்? கதையில் பெரிய ஓட்டை இருக்கிறது, யுவர் ஆனர்.

தந்திமேடை (காலை 9.41)

வாங்க வக்கீல் சார். உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன். போன வருடம் மோர்ஸ் தந்திக் குறியீடு பற்றிய திரியில், நான் காதால் கேட்டே நிமிடத்துக்கு 30 சொல் வாங்குவேன் என்று எழுதியதற்கு "சாட்சி உண்டா" என்று கேட்டவர் அல்லவா நீங்கள். அதையே நான் இன்னும் மறக்கவில்லை.

மருமகள் இருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை, கஞ்சி, எல்லாம் நடந்தது. யார் இல்லை என்றார்கள்? கேள்வி அதுவல்ல. நீலம் ஆக்கியது அக்காவா, பேரனா? பேரன். முடிந்தது.

வாய்தா (மதியம் 1.20)

மதிய இடைவேளை. ஆக அக்காவுக்கு ஆள் இருந்தது, வைத்தியம் நடந்தது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வருத்தம் மருமகள் மீது. அதைக் கொண்டுபோய் ஒரு டிக்கின் தலையில் கட்டுகிறீர்கள்.

இன்னொன்று. நாலு நாளில் ஒரு நாளாவது நீங்கள் ஏன் போன் செய்யவில்லை?

தந்திமேடை (மதியம் 1.26)

கேள்வியைத் திருப்பாதீர்கள். இது குறுக்கு விசாரணைக் கூண்டு இல்லை.

எங்கள் காலத்துப் பதிவுத் தபாலில் ஏ.டி. கார்டு என்று ஒன்று இருந்தது, தபால் சேர்ந்ததற்கு அத்தாட்சியாக அனுப்பியவருக்கே திரும்பி வரும். இப்போது அந்தப் பதிவுத் தபாலையே 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துக் கரைத்துவிட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல். ஏ.டி. கார்டில் வாங்கியவர் கையெழுத்து இருக்கும். கையெழுத்து நடுங்கியிருந்தால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். கைநாட்டாக இருந்தால் வேறு யாரோ வாங்கினார்கள் என்று தெரியும். உங்கள் நீல டிக்கில் கையெழுத்து எங்கே இருக்கிறது? பேரன் போட்டாலும் நீலம், பூனை மிதித்தாலும் நீலம்.

வாய்தா (மதியம் 1.38)

ஆகா, என் ஏரியாவுக்கே வந்துவிட்டீர்கள். சம்மன் விஷயத்தில், ஆள் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருகிற மாதிரியும் இல்லை என்றால் அதே வீட்டில் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம், உரியவரிடமே சேர்ப்பித்ததாகக் கணக்கு. வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. தபால் "வாங்க மறுத்துவிட்டார்" என்ற குறிப்போடு திரும்பினால்கூட சேர்ந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஓஎம்ஆர் தம்பி சொன்ன, அறிவிப்பில் படித்துவிட்டுத் திறக்காமல் விடும் பேர்வழிகள் இந்த ரகம்.

உங்கள் பேரனுக்கு வயது ஒன்பது. மைனர். அதனால் சட்டப்படி அந்த நீலம் செல்லாது என்று... இருங்கள், இது உங்களுக்குச் சாதகமாகப் போகிறதே. வாய்தா கேட்டுக்கொள்கிறேன்.

தந்திமேடை (மதியம் 1.40)

ஹா! குறித்துக்கொள்ளுங்கள் எல்லோரும். வக்கீலே ஒப்புக்கொண்டார்.

வாய்தா (மதியம் 1.41)

ஒப்புக்கொள்ளவில்லை. வாய்தா கேட்டேன்.

சொல்லேர் (மதியம் 2.15)

திரியை முழுதும் படித்தேன். வாட்ஸ்அப்பை ஒருவர்கூட "புலனம்" என்று எழுதவில்லை. மலேசியத் தமிழர் எவ்வளவு அழகாகப் புழங்குகிறார்கள்! இங்கே வாட்ஸ்அப், டிக், போன், டெக்னிக்கல். இவர்கள்தாம் உறவு அழிகிறதென்று கண்ணீர் வடிக்கிறார்கள். முதலில் மொழி அழிகிறது ஐயா.

ஓஎம்ஆர்_ஓரம் (மதியம் 2.22)

வந்துட்டார்யா. அண்ணா, "கட்செவி அஞ்சல்" என்றல்லவா ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது? அதற்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதா?

சொல்லேர் (மதியம் 2.31)

கட்செவி என்றால் பாம்பு. கண்ணையே செவியாக உடையது என்பதால் வந்த பெயர். செய்தி அனுப்பும் செயலிக்குப் பாம்பு அஞ்சல் என்று பெயர் வைத்தவர்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை.

மாடித்தோட்டம் (மதியம் 2.44)

எங்கள் சொந்தக்காரர்கள் குழுவைப் பார்த்தால் பாம்பு அஞ்சல் பொருத்தமான பெயர்தான்.

சாகுல்_ஷார்ஜா (மாலை 4.10)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் 1994-ல் இங்கே வந்தவன். அப்போது கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு மாதம் ஆகிவிடும். லீவில் ஊருக்குப் போகிறவர் யாராவது மாட்டினால் கேசட்டில் பேசிப் பதிவு செய்து கையில் கொடுத்தனுப்புவோம். என் மனைவி பதில் கேசட்டில் முதல் பத்து நிமிடம் ஒன்றும் பேசமாட்டார், அழுகைதான். பின்னால் கோழி கத்துகிற சத்தம் கேட்கும். அந்தக் கோழிச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்போம், அறையில் எட்டுப் பேரும்.

இன்றைக்கும் இங்கே வாட்ஸ்அப்பில் அழைப்பு போகாது, தடை. வேறு செயலியில்தான் பேச வேண்டும். ஆனால் குரல் பதிவு போகும். நான் வேலை முடிந்து நடந்து வரும்போது பேசி அனுப்புவேன், அவர் அங்கே சமையல் செய்துகொண்டே கேட்பார். கேட்டுவிட்டால் அந்த மைக் படம் நீலமாகிவிடும். அந்த நீலத்தை அணைக்கவும் முடியாது. எனக்கு அந்த மைக் நீலமாவதைப் பார்த்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரி. இதைக் கெடுதல் என்று சொல்கிறவர்களுக்குப் பிரிவு என்றால் என்னவென்று தெரியாது.

தந்திமேடை (மாலை 4.18)

பாய், உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் கேட்டது உங்கள் வீட்டம்மாதான் என்று எப்படித் தெரியும்? பேரன் அழுத்தியிருந்தால்?

சாகுல்_ஷார்ஜா (மாலை 4.25)

எனக்குப் பேரன் இல்லை சார். மகளுக்கு இப்போதுதான் நிக்காஹ் பேசியிருக்கிறோம்.

தந்திமேடை (மாலை 4.27)

வந்த பிறகு பேசுவோம்.

பெரியக்கா_நெல்லை (மாலை 5.50)

பள்ளி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். காலையிலிருந்து எல்லோரும் "நலம்" "நலம்" என்கிறீர்கள். எதை நலம் என்கிறோம்? உயிரோடு இருப்பதா, காய்ச்சல் இல்லாமல் இருப்பதா, மனசு நன்றாக இருப்பதா? மாடித்தோட்டம் முதலாவதைச் சொல்கிறார், தந்திமேடை ஐயா இரண்டாவதைச் சொல்கிறார், சாகுல் பாய் மூன்றாவதைச் சொல்கிறார். "பேசுவது" என்பதும் அப்படித்தான். இதைப் பிரித்துக்கொண்டு பேசினால் நல்லது.

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். போட்டோ போட்டு அரைமணி நேரத்தில் அவள் நினைத்த அளவு லைக் வரவில்லை என்றால் நீக்கிவிடுவாள். நீக்கிய அன்றைக்கு மதியச் சாப்பாடு அப்படியே திரும்பிப் போகும். ஏன் என்று கேட்டால், "நீக்கினதை யாரும் கவனிச்சாங்களான்னு தெரியலை டீச்சர்" என்கிறாள். யாரும் பார்க்காதது ஒரு கவலை, பார்த்துவிட்டுச் சும்மா போவது அதைவிடப் பெரிய கவலை. நம் வயதுக்காரர்களின் நீல டிக் சண்டை அவளுக்கு விளையாட்டு.

தந்திமேடை (மாலை 5.58)

அது இருக்கட்டும் டீச்சர். நீங்கள் தமிழ் டீச்சரா, கணக்கா?

பெரியக்கா_நெல்லை (மாலை 6.02)

அறிவியல். ஏன்?

தந்திமேடை (மாலை 6.03)

அப்படியானால் சொல்லுங்கள். அறிவியல்படி, நீல டிக் விழுந்தால் அம்மாதான் பார்த்தார் என்று நிரூபிக்க முடியுமா?

ஓஎம்ஆர்_ஓரம் (இரவு 7.30)

டீச்சர் கேட்டது நல்ல கேள்வி, யாரும் கண்டுகொள்ளாததால் நான் எழுதுகிறேன். அமெரிக்காவில் 2018 இடைக்காலத் தேர்தல் சமயத்தில் ஸ்டான்போர்டு, நியூயார்க் பல்கலைக்கழகப் பொருளாதாரக்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்புக் பயன்படுத்தும் 2,743 பேரை எடுத்து, அதில் ஒரு பகுதிப் பேருக்குக் காசு கொடுத்து நாலு வாரம் கணக்கை முடக்கச் சொன்னார்கள். முடக்கியவர்களுக்கு நாளுக்குச் சுமார் ஒரு மணிநேரம் மிச்சமானது, வீட்டாரோடும் நண்பர்களோடும் கழித்த நேரம் கூடியது, சந்தோஷமும் கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான். நாட்டுநடப்பு தெரிவது குறைந்துபோனது. அதுவும் உண்மை.

மாடித்தோட்டம் (இரவு 7.52)

பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஒன்றா தம்பி? 2014-ல் அவர்கள் இதை வாங்கினார்கள் என்பதற்காக என் அம்மாவின் பூப்படமும் அவர்கள் சண்டைப் பக்கமும் ஒன்றாகிவிடுமா?

நானும் ஒன்று படித்திருக்கிறேன். ஆக்ஸ்போர்டில் ரெண்டு பேர், ஒர்பென், ஷிபில்ஸ்கி என்று பெயர், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளவயதினரின் தரவை அலசி 2019-ல் வெளியிட்டார்கள். டிஜிட்டல் பயன்பாட்டுக்கும் மனநலத்துக்கும் இருக்கிற தொடர்பு, மனநல வேறுபாட்டில் 0.4 சதவீதத்துக்கு மேல் விளக்கவில்லை. உருளைக்கிழங்கு அடிக்கடி சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் இருக்கிற தொடர்பும் கிட்டத்தட்ட அதே அளவுதானாம். டீச்சர் வகுப்பில் உருளைக்கிழங்கைத் தடை செய்துவிட்டு அப்புறம் போனுக்கு வாருங்கள்.

பெரியக்கா_நெல்லை (இரவு 8.05)

மூன்றரை லட்சம் பேரின் சராசரியை வைத்துக்கொண்டு என் வகுப்பில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை என்ன செய்வது? மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு கொடுத்தால் அவள் சாப்பிடுவாளா? சராசரியில் முங்கிச் செத்தவர்களும் உண்டு.

வாய்தா (இரவு 8.20)

உருளைக்கிழங்கு எங்கள் வீட்டில் தினமும் உண்டு. அதனால்தான் எனக்கு இந்தக் களத்துக்கு வருகிற அளவுக்கு மனநலம் கெட்டிருக்கிறது போல.

தந்திமேடை (இரவு 8.31)

உருளைக்கிழங்கு, அமெரிக்கா, ஆக்ஸ்போர்டு. ஊர் முழுக்கச் சுற்றுகிறீர்கள், லால்குடிக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறீர்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று. நாலு நாள் நீலம் விழுந்தது. நாலு நாளும் அக்கா படுக்கையில். இதற்கு யாராவது பதில் சொன்னீர்களா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. என் மேசைக்கு வருகிற தந்தியில் பாதி சாவுச் செய்தி. "அம்மா மோசம், உடனே புறப்படு" என்று வரும். மோசம் என்று போட்டால் போய்விட்டார் என்று அர்த்தம், நேராகச் சொல்ல மாட்டார்கள், வழியில் மயங்கி விழுந்துவிடக்கூடாது என்று. அதைக் கொண்டுபோகிற ஆள் வாசலில் நின்று முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பான். வீட்டில் பெண்பிள்ளை தனியாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் நீட்டுவான். இதெல்லாம் ரூல் புத்தகத்தில் இல்லை. இப்போது? எங்கள் குழுவில் சித்தப்பா இறந்த செய்தி வந்தது, அதற்குக் கீழே வரிசையாகப் பதினேழு பேர் ஒரே மாதிரி விளக்குப் படம் போட்டார்கள். நடுவில் ஒருவர் கைதட்டுகிற படம் போட்டுவிட்டார், கும்பிடுகிற படம் என்று நினைத்து. அவர் இன்றுவரை திருத்தவில்லை.

வாய்தா (இரவு 8.44)

சார், இதைச் சொல்வதற்கு உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா? வாழ்த்துத் தந்திக்கு நம்பர் இருந்தது நினைவிருக்கிறதா? கவுண்டரில் போய் தீபாவளிக்கு இந்த எண், கல்யாணத்துக்கு இந்த எண் என்று சொன்னால் போதும், அச்சடித்த வாக்கியம் அங்கே போய்ச் சேரும். முகூர்த்த நாளில் ஒரே நம்பரை நூறு தடவை தட்டியவர் நீங்கள். ஸ்டிக்கர் அனுப்புகிற கலாசாரத்தை இந்த நாட்டில் ஆரம்பித்து வைத்ததே உங்கள் இலாகா. என் கல்யாணத்துக்கு வந்த நாற்பது தந்தியில் முப்பத்தைந்து ஒரே வாக்கியம். அதை மேடையில் ஒருவர் வேறு ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

தந்திமேடை (இரவு 8.52)

அது சிக்கனம். இது சோம்பல். ரெண்டும் ஒன்றில்லை. காசு கொடுத்து, வரிசையில் நின்று, பாரம் எழுதி அனுப்பினார்கள். படுத்துக்கொண்டே கட்டைவிரலால் அனுப்பவில்லை.

சாகுல்_ஷார்ஜா (இரவு 9.05)

வரிசையில் நின்றால்தான் பாசம் என்றால் ரேஷன் கடையில்தான் உலகத்திலேயே பாசம் அதிகம் சார்.

மாடித்தோட்டம் (இரவு 9.08)

பாய், நூற்றுக்கு நூறு.

ஓஎம்ஆர்_ஓரம் (இரவு 9.30)

தந்தி ஆளாவது முகத்தைப் பார்த்துக் கொடுத்தார் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 2018-ல் பிள்ளைபிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்யால் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் கும்பிடப் போன ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். அதே மாதிரி பல மாநிலங்களில் நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் உலகம் முழுக்க. 2020-ல் அளவுக்கு மீறிச் சுற்றுகிற செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் என்றார்கள். அனுப்புகிறவனுக்கு எதிரில் ஒரு முகம் இருந்திருந்தால், அத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியிருப்பார்களா?

சொல்லேர் (இரவு 9.41)

"பார்வர்டு" என்பதற்கு "மேலனுப்புகை" எனலாம்.

ஓஎம்ஆர்_ஓரம் (இரவு 9.42)

அண்ணா, நான் அந்தச் சொல்லையே பயன்படுத்தவில்லை!

சொல்லேர் (இரவு 9.44)

பயன்படுத்துவீர்கள் என்று முன்கூட்டியே சொன்னேன்.

தந்திமேடை (இரவு 9.50)

தம்பி சொன்னது சரி, அந்தக் கொடுமையைப் பேப்பரில் படித்தபோது நானும் சாப்பிடவில்லை. ஆனால் அது வேறு. இந்தத் திரியின் தலைப்பு என்ன? நீல டிக் விழுந்தால் அம்மா நலமா. மாடித்தோட்டம் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாடித்தோட்டம் (இரவு 10.02)

காலை ஏழு நாற்பதுக்கே சொன்னேன். என் அம்மா வீட்டில் பேரன் இல்லை. வேண்டுமானால் மாட்டைக் கேளுங்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன், வாய்தா சார் கேட்டு எட்டு மணிநேரம் ஆகிறது. நாலு நாளும் நீங்கள் ஏன் அக்காவுக்கு ஒரு போன் போடவில்லை? ஏன் தெரியுமா? நீலம் விழுந்ததும் "சரி, அக்கா நலம்" என்று நீங்களும் நினைத்தீர்கள். நான் எழுதியதை வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தவர் நீங்கள். அகப்பட்டது நான்.

தந்திமேடை (இரவு 10.15)

எனக்குக் காது மந்தம். போனில் அக்கா பேசுவது விளங்காது. அக்காவுக்கும் விளங்காது. ரெண்டு பேரும் "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டிருப்போம். அதனால்தான் படம். இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

மோர்ஸில் 30 சொல் வாங்கிய காது இது.

பெரியக்கா_நெல்லை (இரவு 10.19)

ஐயா, இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே. காது கேளாதவர்களுக்கு எழுத்தும் படமும் எவ்வளவு பெரிய விஷயம்! அப்படிப் பார்த்தால் உங்களுக்கும் அக்காவுக்கும் பேச்சே இதுதான்.

தந்திமேடை (இரவு 10.21)

இல்லை. பேச்சு இல்லை. படம். பேச்சு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

வாய்தா (இரவு 10.30)

30 சொல்லுக்கு இன்னும் சாட்சி வரவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

தந்திமேடை (இரவு 10.31)

சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் செத்துப்போய்விட்டார்கள் வக்கீல் சார். குழுவில் விளக்குப் படம் போட்டாயிற்று.

மாடித்தோட்டம் (இரவு 10.40)

என்னால் முடியாது. நாளை காலையில் வேலை இருக்கிறது. இனி இந்தத் திரிக்கு வரமாட்டேன். நல்லிரவு.

சொல்லேர் (இரவு 10.42)

"நல்லிரவு" ஆங்கில வழக்கு. தமிழில் விடைபெறும்போது "போய் வருகிறேன்" என்பதே மரபு.

தந்திமேடை (இரவு 10.58)

வரமாட்டேன் என்றவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் எரிகிறது. பதினெட்டு நிமிடமாகப் பார்க்கிறேன். இங்கேயேதான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். வாருங்கள் அம்மா, ஒளிந்திருந்து பார்ப்பானேன்?

மாடித்தோட்டம் (இரவு 11.03)

பச்சைப் புள்ளி எரிந்தால் நான் படிக்கிறேன் என்று யார் சொன்னது? கம்ப்யூட்டரைத் திறந்துபோட்டுவிட்டு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் பையன் உட்கார்ந்திருந்தான். வயது ஒன்பதில்லை, பதினொன்று.

தந்திமேடை (இரவு 11.05)

அதைத்தானே காலையிலிருந்து நான் சொல்கிறேன்! ஒப்புக்கொண்டீர்களா?

சாகுல்_ஷார்ஜா (இரவு 11.20)

சார், அவர் பதில் போடவில்லை. பச்சை மட்டும் எரிகிறது.

தந்திமேடை (இரவு 11.21)

பையனாக இருக்கும். காத்திருக்கிறேன்.